தேர்ந்த பிறகு கேட்கப்படும் கேள்வி: அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர்களின் தகுதி குறித்த விவாதம், 1787–2024

1803 டிசம்பர் தொடக்கத்தில் அமெரிக்க செனட் சபை ஓர் அரசியல் சாசனத் திருத்தத்தை விவாதித்துக்கொண்டிருந்தது. அதிபருக்கும் துணை அதிபருக்கும் இனித் தனித்தனியே வாக்களிக்க வேண்டும் என்பது திருத்தம். டெலாவேர் மாநில உறுப்பினர் சாமுவேல் ஒயிட் அதை எதிர்த்துப் பேசினார். இது நிறைவேறிவிட்டால் துணை அதிபர் பதவிக்கு நிற்பவரைப் பற்றி இவர் திறமைசாலியா, நேர்மையானவரா என்று எவரும் கேட்கப்போவதில்லை. இவருடைய பெயரும் பணமும் உறவும் ஊரும் அதிபர் வேட்பாளரை ஜெயிக்கவைக்க எவ்வளவு பயன்படும் என்று மட்டுமே கேட்பார்கள் என்பது அவருடைய வாதம். சபை அவர் பேச்சைக் கேட்டது, பிறகு 22க்கு 10 என்ற கணக்கில் திருத்தத்தை ஏற்றது. பிரதிநிதிகள் சபையில் 84க்கு 42. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கும் மிச்சமில்லை. சபாநாயகர் நத்தானியேல் மேக்கன் தம் வாக்கையும் போட்ட பிறகுதான் அந்த எண்ணிக்கை எட்டியது. 1804 ஜூனில் மாநிலங்களின் ஒப்புதலும் கிடைத்து 12ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

ஒயிட்டின் பெயர் இன்று பெரும்பாலும் மறந்துபோய்விட்டது. அவர் சார்ந்திருந்த பெடரலிஸ்ட் கட்சி சில ஆண்டுகளிலேயே தேய்ந்து மறைந்தது. ஆனால் அடுத்த 220 ஆண்டுகளின் வரலாறு ஏறக்குறைய அவர் சொன்னபடியே நடந்திருக்கிறது. துணை அதிபர் வேட்பாளர் நாட்டை ஆளத் தகுந்தவரா என்ற விவாதம் அமெரிக்காவில் எப்போதும் தீவிரமாகவே நடந்துவருகிறது. அது நடக்கும் நேரம்தான் கோளாறு. ஆளை ஒருவரோ ஒரு சிறு குழுவோ தேர்ந்து அறிவித்த பிறகு, மறுக்கும் அதிகாரம் இல்லாதவர்களிடையே அந்தக் கேள்வி எழுகிறது. மறுக்கும் அதிகாரம் உள்ள ஓர் அமைப்பு அந்தக் கேள்வியை முறைப்படி கேட்டது இரண்டே முறை. இந்த வரலாற்றில் வேட்பாளர்களின் அனுபவப் பட்டியலைவிடக் கேள்வியை யார், எப்போது கேட்டார்கள் என்பதே விளைவைத் தீர்மானித்திருக்கிறது என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

கடைசி வாரங்களில் பிறந்த பதவி

1787 கோடையில் பிலடெல்பியாவில் கூடிய சாசன மாநாடு மூன்று மாதங்களுக்கு மேல் துணை அதிபர் என்ற பதவியைப் பற்றிப் பேசவே இல்லை. செப்டம்பர் 4 அன்று பதினொருவர் குழு அளித்த அறிக்கையில்தான் அது தலைகாட்டியது. அதிபரைத் தேர்வாளர் குழு தேர்ந்தெடுக்கும் என்று முடிவாகியிருந்தது. ஒவ்வொரு தேர்வாளரும் தம் மாநிலத்துக்காரருக்கே வாக்களித்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலைக்கு மருந்தாக, ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்றையாவது வேறு மாநிலத்தவருக்குப் போட வேண்டும். முதலிடம் பெற்றவர் அதிபர், அடுத்து வந்தவர் துணை அதிபர். வட கரோலினாவின் ஹியூ வில்லியம்சன் மாநாட்டிலேயே இதை வெளிப்படையாகச் சொன்னார்: இந்தப் பதவி தேவைப்பட்டு உருவானதன்று, தேர்தல் முறையின் வசதிக்காகச் சேர்க்கப்பட்டது. துணை அதிபருக்கு செனட்டுக்குத் தலைமை தாங்கும் வேலையைக் கொடுக்காவிட்டால் அவருக்குச் செய்ய எதுவுமே இருக்காது என்றார் கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன். அந்தத் தலைமைப் பொறுப்பைக் கடுமையாக எதிர்த்தவர்களில் எல்பிரிட்ஜ் ஜெர்ரியும் ஒருவர். அதே ஜெர்ரி 1813இல் துணை அதிபராகி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், மறு ஆண்டு பதவியிலேயே இறந்தார்.

இந்த முறையில், கவனிக்கத் தவறிவிடும் ஒரு நன்மை இருந்தது. தேர்வாளர் போடும் இரண்டு வாக்குகளுமே அதிபர் பதவிக்கானவை. ஆகவே துணை அதிபராக வருபவர் அதிபராகத் தகுந்தவர் என்று கணிசமானோர் கருதியவராகத்தான் இருக்க முடியும். ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்சனும் அப்படித்தான் அந்தப் பதவிக்கு வந்தார்கள். அந்த நன்மையைக் கட்சி அரசியல் விழுங்கியது. 1800இல் ஜெபர்சனும் அவருடன் துணை அதிபராக வரவேண்டிய ஆரன் பர்ரும் தலா 73 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றார்கள். பிரதிநிதிகள் சபை 36 சுற்று வாக்கெடுப்பு நடத்தி 1801 பிப்ரவரி 17 அன்று ஜெபர்சனைத் தேர்ந்தெடுத்தது. இந்தக் குழப்பத்துக்குத் தீர்வாகத்தான் 12ஆவது திருத்தம் வந்தது. இனி இப்படித் தேர்வாகும் துணை அதிபருக்கு மதிப்பிருக்காது, பதவியையே ஒழித்துவிடலாம் என்று நியூ ஜெர்சியின் ஜொனாதன் டேட்டன் செனட்டில் தீர்மானம் கொண்டுவந்தார். அது தோற்றது. பதவி நின்றது, தகுதியைச் சோதித்த பழைய வழி போயிற்று.

அதிபராகச் சாசனப்படி தகுதியில்லாதவர் துணை அதிபராகவும் முடியாது என்ற ஒரு வரி மட்டும் திருத்தத்தின் முடிவில் சேர்க்கப்பட்டது. பிறப்பால் குடிமகன், 35 வயது, 14 ஆண்டு வசிப்பு. சட்டம் கேட்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கட்சிகளின் கையில் விடப்பட்டது.

ஜூலியா சின்னின் கணவர்

அந்தப் புதிய ஏற்பாட்டில் தகுதி பற்றிய முதல் பெரும் சண்டை 1836இல் நடந்தது. மார்ட்டின் வான் பியூரனுடன் ஜனநாயகக் கட்சி நிறுத்திய ரிச்சர்ட் மென்டர் ஜான்சன் கென்டக்கிக்காரர், 1812 போரில் படுகாயமடைந்தவர், இரு சபைகளிலும் நீண்ட அனுபவம் உள்ளவர். பழங்குடித் தலைவர் டெகும்சேயைக் கொன்றவர் என்று அவருடைய ஆதரவாளர்கள் ஊரெங்கும் சொல்லிவந்தார்கள். அந்தக் காலத்து அளவுகோலில் அது பெரிய தகுதி.

அவர்மீது தென் மாநிலத்தார் வைத்த குற்றச்சாட்டு வேறு. தம் தந்தையின் வழியே தமக்கு வந்த அடிமைப்பெண் ஜூலியா சின்னை அவர் மனைவியாகவே நடத்தினார். அவர் வாஷிங்டனில் இருந்த காலங்களில் புளூ ஸ்பிரிங் பண்ணையை நிர்வகித்தவர் ஜூலியா. இமோஜீன், அடலைன் என்ற இரு மகள்களையும் ஜான்சன் தம் மகள்களென்று ஊரறிய ஏற்றுக்கொண்டார், படிக்கவைத்தார். அடிமைப்பெண்களிடம் குழந்தை பெற்ற தோட்ட முதலாளிகளுக்குத் தெற்கில் பஞ்சமே இல்லை. ஜான்சன் மறைக்காததுதான் பொறுக்க முடியாத குற்றமாயிற்று. ஜூலியா 1833இல் காலராவில் இறந்துபோன பிறகும் ஏச்சு ஓயவில்லை. அவரை ஒரு கணமும் விடுதலை செய்யாமலேயே ஜான்சன் வைத்திருந்தார் என்பதும் உண்மை. அந்தக் குற்றத்தை அன்று எவரும் குற்றமாகப் பேசவில்லை.

வான் பியூரனுக்கு வாக்களித்த வர்ஜீனியாவின் 23 தேர்வாளர்கள் ஜான்சனுக்கு வாக்களிக்க மறுத்தார்கள். அவருக்குக் கிடைத்தவை 147. பெரும்பான்மைக்கு ஒன்று குறைந்தது. சாசனப்படி முடிவு செனட்டுக்குப் போனது; 1837 பிப்ரவரி 8 அன்று 33க்கு 16 என்ற கணக்கில் செனட் அவரைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்க வரலாற்றில் செனட்டால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே துணை அதிபர் அவர்தான். நான்கு ஆண்டுகள் கழித்துக் கட்சி அவரை மறுபடி நிறுத்தவும் மனமில்லாமல், கைவிடவும் துணிவில்லாமல், துணை அதிபர் வேட்பாளரே இல்லாமல் மாநாட்டை முடித்துக்கொண்டது.

தகுதி என்று பேசப்படுவது பல நேரங்களில் ஆளும் திறனைப் பற்றியதே அன்று; இன்னார் ஆளலாம், இன்னார் ஆளக் கூடாது என்று சமூகம் மனதுக்குள் போட்டுவைத்திருக்கும் கோடு அது. 1836இல் அது வெளிப்படையாகத் தெரிந்தது. பின்வந்த காலங்களில் நாகரிகமான உடை போட்டுக்கொண்டு வந்தது.

ஓர் உயிர் இடைவெளி

1841 ஏப்ரல் 4 அன்று, பதவியேற்று ஒரு மாதமே ஆன நிலையில் அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் இறந்தார். பதவியில் இறந்த முதல் அதிபர் அவர். விக் கட்சி தெற்கின் வாக்குகளுக்காகச் சேர்த்துக்கொண்டிருந்த ஜான் டைலர், தாம் இடைக்கால அதிபர் அல்லர், முழு அதிபர் என்று உறுதியாக நின்றார். அது மரபாகிவிட்டது. அதன் பிறகுதான் அவருடைய கொள்கை என்னவென்று கட்சிக்குத் தெரிந்தது. கட்சி உயிராகக் கருதிய தேசிய வங்கி மசோதாக்களை அவர் தம் மறுப்பதிகாரத்தால் நிறுத்தினார். வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் ஒருவரைத் தவிர மொத்த அமைச்சரவையும் ராஜினாமா செய்தது. கட்சி அவரை நீக்கியது. வேட்பாளராக்கும் முன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயம்தான் இது.

டைலர் முதல் ஜெரால்டு போர்டு வரை ஒன்பது துணை அதிபர்கள் இடையிலேயே அதிபராகியிருக்கிறார்கள். எட்டுப் பேர் அதிபரின் மரணத்தால், ஒருவர் ராஜினாமாவால். இந்த ஒன்பதில் இருவரை அருகருகே வைத்துப் பார்த்தால் அனுபவப் பட்டியல் எவ்வளவு பயன்படும் என்பது விளங்கும்.

ஆண்ட்ரூ ஜான்சனின் பட்டியல் நீளமானது: நகர்மன்ற உறுப்பினர், மேயர், மாநிலச் சட்டமன்றம், பிரதிநிதிகள் சபை, டென்னசி ஆளுநர், செனட்டர், போர்க்கால இராணுவ ஆளுநர். 1864இல் அப்போதைய துணை அதிபர் ஹன்னிபல் ஹாம்லினை விலக்கிவிட்டு அவரை லிங்கனுடன் நிறுத்தியதற்கு, தெற்கத்தி ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் பட்டியலில் இருந்தால் ஒற்றுமைக்கு அடையாளம் என்ற கணக்கு காரணம். 1865 மார்ச் 4 அன்று குடிபோதையில் பதவியேற்புப் பேச்சு நிகழ்த்தி அவையைத் தலைகுனிய வைத்தார். ஆறு வாரங்களில் அதிபர். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைகளைக் காக்கும் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அவர் மறுத்தார். 1868இல் செனட்டில் நடந்த பதவிநீக்க விசாரணையில் 35க்கு 19. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குக் குறைவு என்பதால் தப்பினார்.

செஸ்டர் ஆர்தரிடம் பட்டியலே கிடையாது. துணை அதிபர் பதவிதான் அவர் தேர்தலில் வென்ற ஒரே பதவி. அதற்கு முன் அவர் வகித்த பெரிய பொறுப்பு நியூயார்க் துறைமுகத்தின் சுங்க வசூல் தலைமை அதிகாரி. நாட்டின் வருவாயில் பெரும்பங்கு அந்தச் சுங்க இல்லத்தின் வழியாகத்தான் வந்தது. அங்கே வேலை வேண்டுமென்றால் செனட்டர் ராஸ்கோ கான்க்ளிங்கின் ஆளாக இருக்க வேண்டும், சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்சி நிதிக்குக் கட்ட வேண்டும். 1878இல் அதிபர் ஹேஸ் ஆர்தரை அந்தப் பதவியிலிருந்து நீக்கினார். இரண்டே ஆண்டுகளில், சிகாகோ மாநாட்டில் 36ஆவது சுற்றில் ஜேம்ஸ் கார்பீல்டு வேட்பாளரானபோது, தோற்ற கோஷ்டியைச் சமாதானப்படுத்தத் துணை அதிபர் இடம் ஆர்தருக்குத் தரப்பட்டது. மறுத்துவிடு என்று கான்க்ளிங் சொல்லியும் ஆர்தர் கேட்கவில்லை. கனவிலும் எதிர்பாராத கௌரவம் இது என்றார். அவர் அயல்நாட்டில் பிறந்தவர் என்ற வதந்தியையும் எதிராளிகள் கிளப்பினார்கள். முதலில் அயர்லாந்து என்றார்கள், பிறகு கனடா என்றார்கள்.

1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கார்பீல்டைச் சுட்ட சார்லஸ் கிட்டோ, இனி ஆர்தர்தான் அதிபர் என்று சொன்னபடியே பிடிபட்டான். காயம்பட்டவர் செப்டம்பர் 19 வரை உயிருக்குப் போராடினார். அந்தக் கோடை முழுதும் நாட்டுக்கு இரட்டைத் துயரம்: ஒருவர் இறந்துகொண்டிருக்கிறார் என்பது ஒன்று, வரப்போகிறவர் ஆர்தர் என்பது மற்றொன்று. ஆகஸ்ட் கடைசியில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜூலியா சாண்ட், நியூயார்க்கில் வசித்த, உடல்நலம் குன்றிய, முப்பத்தொரு வயதுப் பெண். மக்கள் உங்களைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு, பெரும் நெருக்கடி மனிதனுக்குள் உறங்கும் நல்லதை எழுப்பக்கூடும், உங்களைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருந்தார். முன்பின் அறியாத ஒரு பெண் அதிபராகப்போகிறவரிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசியிருக்கிறார். தொடர்ந்து எழுதினார், மொத்தம் 23 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. 1882 ஆகஸ்டில் ஒருநாள் முன்னறிவிப்பின்றி ஆர்தர் அவருடைய வீட்டுக்கே போய்ச் சந்தித்தார். சாவதற்கு முன் தம் காகிதங்களையெல்லாம் எரிக்கச் சொன்ன மனிதர் இந்தக் கடிதங்களை மட்டும் வைத்திருந்தார். 1958இல் அவருடைய பேரன் மூலம் அவை வெளிவந்தன.

ஆர்தர் 1883 ஜனவரி 16 அன்று பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசு வேலைக்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்க வேண்டும், ஊழியரிடம் கட்சிக்குப் பணம் பறிக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். எந்த முறையில் அவர் வளர்ந்தாரோ அந்த முறையின் வேரிலேயே கை வைத்தார். ஆகவே அனுபவம் வேண்டாம் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆர்தர் நல்லபடியாக மாறியது நாட்டின் அதிர்ஷ்டம். அவரை வேட்பாளராக்கியவர்களின் மதிநுட்பம் அன்று. அவரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விகளை 1880இல் மாநாடு கேட்கவில்லை. ஓராண்டு கழித்து, எந்த அதிகாரமும் இல்லாத ஒரு நோயாளிப் பெண் வீட்டிலிருந்தபடி கேட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமும் இதே கதைதான். நியூயார்க் கட்சித் தலைவர் தாமஸ் பிளாட் தமக்குத் தொல்லையாயிருந்த ஆளுநர் தியடோர் ரூஸ்வெல்ட்டை மாநிலத்தைவிட்டு அனுப்பினால் போதும் என்று 1900இல் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக்க முனைந்தார். அந்த முரட்டு ஆளுக்கும் அதிபர் பதவிக்கும் இடையே ஓர் உயிர்தானே நிற்கிறது என்று கட்சியின் தேசியத் தலைவர் மார்க் ஹன்னா பதறினார். மறு ஆண்டு செப்டம்பரில் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்தார். 1944இல் ரூஸ்வெல்ட் குடும்பத்தின் இன்னொருவரான பிராங்க்ளின், உடல் தளர்ந்த நிலையில் நான்காவது முறை நின்றார். அவர் பதவிக்காலத்தை முடிக்கமாட்டார் என்று உள்வட்டத்தில் பலர் உணர்ந்திருந்ததால் அப்போதைய துணை அதிபர் ஹென்றி வாலஸை விலக்கி ஹாரி ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். வாரிசைத் தேர்கிறோம் என்று தெரிந்தே தேர்ந்த அரிய நிகழ்வு அது. தேர்ந்தவர்கள் அவரைத் தயார்செய்ய மறந்தார்கள். துணை அதிபராக 82 நாள் இருந்த ட்ரூமனுக்கு அணுகுண்டுத் திட்டம் பற்றிய முழு விவரம் 1945 ஏப்ரல் 25 அன்று, அவர் அதிபராகி இரண்டு வாரம் போல ஆன பிறகுதான், போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் வாயிலாகக் கிடைத்தது.

இரண்டு விசாரணைகள்

1967 பிப்ரவரிக்கு முன் துணை அதிபர் இடம் 16 முறை காலியாகி, அடுத்த தேர்தல்வரை காலியாகவே கிடந்திருக்கிறது. கென்னடி கொலைக்குப் பின் எழுந்த கவலையில் 25ஆவது திருத்தம் வந்தது. காலியிடத்துக்கு அதிபர் ஒருவரை முன்மொழியலாம், இரு சபைகளும் பெரும்பான்மையால் ஒப்ப வேண்டும். இந்த ஒரு பிரிவு தன்னை அறியாமலே சாமுவேல் ஒயிட்டின் கேள்விக்கு இடம் கொடுத்தது.

1973 அக்டோபர் 10 அன்று ஸ்பைரோ அக்னியூ வரி ஏய்ப்பு வழக்கில் குற்றச்சாட்டை எதிர்க்காமல் பதவி விலகினார். மேரிலாந்தில் ஒப்பந்தக்காரர்களிடம் பணம் வாங்கிய குற்றச்சாட்டுகள் அவர்மீது குவிந்திருந்தன. 1968இல் நிக்சன் அவரைத் தேர்ந்தபோது அவர் ஆளுநராகி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. எதிர்க்கட்சி அப்போது அக்னியூ துணை அதிபரா என்ற எழுத்துகளைக் காட்டி, பின்னணியில் ஒருவர் விடாமல் சிரிக்கும் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றை ஒளிபரப்பியது. சிரித்தார்கள், ஆனால் எவரும் கணக்கைப் பார்க்கவில்லை. பணம் வாங்கிய பழக்கம் அதற்கும் முன்பே தொடங்கியிருந்தது.

அக்னியூவின் இடத்துக்கு முன்மொழியப்பட்ட ஜெரால்டு போர்டு, பிரதிநிதிகள் சபையில் கால் நூற்றாண்டு இருந்தவர், எல்லாரும் அறிந்தவர். இருந்தும் எப்.பி.ஐ. முந்நூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்களை இறக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை விசாரித்தது. அவருடைய வருமான வரிக் கணக்குகள் புரட்டப்பட்டன. செனட் விதிகள் குழுவும் பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழுவும் சத்தியப் பிரமாணத்தின்மீது அவரிடம் கேள்வி கேட்டன. செனட் 92க்கு 3 என்றும், பிரதிநிதிகள் சபை டிசம்பர் 6 அன்று 387க்கு 35 என்றும் ஒப்பின. மறு ஆண்டு அவரே அதிபராகி நெல்சன் ராக்பெல்லரை முன்மொழிந்தபோது விசாரணை நான்கு மாதம் நீண்டது. நியூயார்க்கின் நான்கு முறை ஆளுநர், அனுபவத்தில் அவரை விஞ்ச ஆளில்லை. விசாரணையில் வேறு விஷயங்கள் வெளிவந்தன. ஹென்றி கிஸ்ஸிஞ்சருக்கு 50,000 டாலர் பரிசு கொடுத்திருந்தார். தம் கீழ் பணிபுரிந்த அதிகாரிகளுக்கு இன்னும் பெரிய தொகைகள். 1970 தேர்தலில் தம்மை எதிர்த்த ஆர்தர் கோல்ட்பர்கைத் தாக்கும் புத்தகம் ஒன்றுக்கு அவர் குடும்பத்துப் பணம் போயிருந்தது. செல்வமும் அதிகாரமும் ஒரே கையில் சேர்வது பற்றி உறுப்பினர்கள் வாரக்கணக்கில் விவாதித்தார்கள். பிரதிநிதிகள் சபையில் 287 பேர் ஆதரித்தார்கள், 128 பேர் எதிர்த்தார்கள்.

போர்டின் விசாரணையில் ஒரு கேள்வி தனியே நினைக்கத்தக்கது. அதிபர் ஒருவர் பதவி விலகினால் அடுத்து வருபவர் அவர்மீதான வழக்கைத் தடுக்க முடியுமா என்று செனட்டர் ஹோவர்டு கேனன் கேட்டார். மக்கள் அதைப் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது போர்டின் பதில். பத்து மாதம் கழித்து, 1974 செப்டம்பர் 8 அன்று, அவர் நிக்சனுக்கு முழு மன்னிப்பு அளித்தார். விசாரணை என்ற முறை அனைத்தையும் தடுத்துவிடும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இது சான்று. ஆனாலும் சரியான கேள்வி, சரியான இடத்தில், பதில் பதிவாகும்படி கேட்கப்பட்டது. போர்டு பின்னர் தம் சொல்லோடு ஒப்பிட்டு எடைபோடப்பட்டார். ராக்பெல்லரைத் தவிர வேறெந்தத் துணை அதிபருக்கும் அப்படி ஓர் ஆவணம் இல்லை.

இதற்கு நேர்மாறானது அதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஈகிள்டன் விவகாரம். 1972 ஜூலையில் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் அவசர அவசரமாகத் தேர்ந்த மிசூரி செனட்டர் தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்காக மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்து மின்அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்பது சில நாளில் வெளிவந்தது. 1000 விழுக்காடு அவர் பக்கம் நிற்கிறேன் என்ற மெக்கவர்ன் ஜூலை 31 அன்று அவரை விலகவைத்தார். ஈகிள்டன் அதன் பிறகும் 1987 வரை செனட்டராக நன்றாகவே பணியாற்றினார். மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர் ஆளத் தகுதியற்றவரா என்ற கேள்வியை நிதானமாக ஆராய அன்று யாருக்கும் அவகாசம் இல்லை. தேர்தல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் அவமானப்பட்டார், கேள்வி அப்படியே நின்றது.

மேடையில் வந்த கேள்வி

ஈகிள்டன் தந்த பாடத்தால் 1976இல் ஜிம்மி கார்ட்டர் பொறுமையாகப் பலரை அழைத்துப் பேசி, பின்னணி விசாரித்து வால்டர் மான்டேலைத் தேர்ந்தார். வழக்கறிஞர்கள் நடத்தும் இரகசியப் பின்னணி ஆய்வு அப்போதிலிருந்து வழக்கமாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று ஹூஸ்டனில் மான்டேலும் பாப் டோலும் மோதியது முதல் துணை அதிபர் வேட்பாளர் விவாதம். 1984 முதல் அது ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது.

1984இல் பெரிய கட்சியொன்றின் முதல் பெண் வேட்பாளர் ஜெரால்டின் பெராரோ. தொலைக்காட்சிப் பேட்டியில், அணு ஆயுதப் பொத்தானை அழுத்தும் வலிமை உங்களுக்கு உண்டா என்று அவரிடம் கேட்டார்கள். மூன்று முறை பிரதிநிதிகள் சபைக்கு வென்றவர் என்பது குறைந்த அனுபவம் என்று விவாதித்திருந்தால் அது நியாயமான விவாதம். கேட்கப்பட்டது அதுவன்று. விவாத மேடையில் எதிர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ் ஈரானுக்கும் லெபனானுக்கும் வித்தியாசம் சொல்லித்தர முன்வந்தபோது, எனக்கு வெளிநாட்டுக் கொள்கை சொல்லித்தரும் இந்தத் தோரணை எனக்கு ஒப்பாது என்று அவர் அங்கேயே திருப்பிக் கொடுத்தார். ஜூலியா சின்னின் கணவருக்கு எதிராகப் போடப்பட்ட அதே கோடு, வேறு இடத்தில்.

1988இல் அதே புஷ் அதிபர் பதவிக்கு நின்றபோது அவருடைய துணை அதிபர் வேட்பாளரான டான் குவேலின் கதையில் தகுதி விவாதம் எப்படித் தடம் மாறும் என்பது துல்லியமாகத் தெரிகிறது. அக்டோபர் 5, ஒமாஹா. அதிபர் இறந்து நீங்கள் பதவிக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று செய்தியாளர்கள் அவரிடம் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். பிரார்த்தனை செய்வேன், அமைச்சர்களைக் கூட்டுவேன் என்பதைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. அதிபர் பதவிக்கு நின்றபோது கென்னடிக்கு இருந்த அளவு நாடாளுமன்ற அனுபவம் எனக்கும் உண்டு என்றார். ஆண்டுக் கணக்கில் அது ஏறக்குறைய சரிதான். எதிர் வேட்பாளர் லாயிட் பென்ட்சன் ஆண்டுகளைப் பற்றிப் பேசவே இல்லை. கென்னடியைத் தமக்குத் தெரியும், அவர் தம் நண்பர், நீங்கள் அவர் அல்லர் என்று முடித்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அன்றிரவு வென்றவர் பென்ட்சன். நவம்பரில் 40 மாநிலங்களில் வென்றது புஷ்–குவேல் அணி. வாக்காளர் முதல் பெயரைப் பார்த்தே போடுகிறார் என்ற கட்சிக்காரர்களின் பழைய நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டது.

இரகசிய ஆய்வு யாருக்குப் பொறுப்பானது என்ற கேள்வியை 2000ஆம் ஆண்டு எழுப்பியது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்காக வேட்பாளர்களை ஆராயும் குழுவுக்குத் தலைமை வகித்த டிக் செனியே கடைசியில் வேட்பாளரானார்.

சாரா பேலின் 2008 ஆகஸ்ட் 29 அன்று அறிவிக்கப்பட்டபோது அலாஸ்காவின் ஆளுநராகி 20 மாதம் ஆகியிருந்தது. அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னுக்கு வயது 72. ஆய்வை நடத்திய வழக்கறிஞர் ஆர்தர் கல்வஹவுஸ் ஆபத்தும் அதிகம், பலனும் அதிகம் என்று மெக்கெய்னிடம் சொன்னார். கடைசி சில நாட்களில் நடந்த ஆய்வு அது. பேலினுக்கு உலக விவகாரங்களில் இருந்த அறிவுக் குறைவு செப்டம்பர் மாதத் தொலைக்காட்சிப் பேட்டிகளில் நாட்டின் கண்முன் வெளிப்பட்டது. அக்டோபர் 2 அன்று ஜோ பைடனுடன் அவர் மோதிய விவாதத்தை ஏறக்குறைய 7 கோடிப் பேர் பார்த்தார்கள். துணை அதிபர் வேட்பாளர் விவாதங்களில் அதுவே உச்சம். அவருடைய ஆதரவாளர்கள் ஒபாமாவின் அனுபவம் மட்டும் என்ன நீளம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒபாமா ஓராண்டுக்கு மேல் உட்கட்சித் தேர்தல்களில் ஊர் ஊராக நின்று பதில் சொல்லி வந்தவர். பேலினுக்கு அந்தத் தேர்வே வைக்கப்படவில்லை. வாக்குச்சாவடி வாயில் கணிப்பில் சுமார் 60 விழுக்காட்டினர் அவர் அதிபராகத் தகுதியற்றவர் என்றனர். தேர்ந்தவரின் பிழைக்குத் தண்டனை, தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு வாழ்நாள் கேலி. இதில் நீதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

துளசேந்திரபுரத்திலிருந்து ஒரு கிளை

2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் வேட்பாளரானபோது, மன்னார்குடிக்குப் பக்கத்தில் அவருடைய தாய்வழிப் பாட்டனார் பி.வி. கோபாலனின் பூர்விக ஊரான துளசேந்திரபுரத்தில் சுவரொட்டிகள் எழுந்தன. ஏற்புரையில் அவர் சித்திகளை அந்தச் சொல்லாலேயே குறிப்பிட்டது தமிழ் வீடுகளில் பெரிதாகப் பேசப்பட்டது. அதே வாரங்களில் அமெரிக்காவில் வேறொரு பேச்சு நடந்தது. சட்டப் பேராசிரியர் ஜான் ஈஸ்ட்மன், ஹாரிஸ் பிறந்தபோது பெற்றோர் குடியுரிமை பெறாதிருந்தால் அவர் சாசனப்படி தகுதியுள்ளவரா என்று நியூஸ்வீக் இதழில் ஐயம் எழுப்பினார். ஹாரிஸ் 1964 அக்டோபர் 20 அன்று கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். அமெரிக்க மண்ணில் குடியேறியவர்களுக்குப் பிறந்த பிள்ளை குடிமகனே என்று 1898இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் இது. இதழ் பிறகு வருத்தம் தெரிவித்தது. மாநில அரசுத் தலைமை வழக்கறிஞராகவும் செனட்டராகவும் அவர் எடுத்த முடிவுகளைக் கேள்விகேட்க நிறைய இடம் இருந்தது. அதை விட்டுவிட்டுத் தாய் ஷியாமளாவின் கடவுச்சீட்டைத் தேடினார்கள். ஆர்தர் எங்கே பிறந்தார் என்று 1880இல் கிளம்பிய வதந்தியின் நேர் வாரிசு இந்த ஐயம்.

2024இல் ஜே.டி. வான்ஸ் அறிவிக்கப்பட்டது ஜூலை 15 அன்று, கட்சி மாநாடு தொடங்கிய நாளிலேயே. அவர் செனட்டராகி ஒன்றரை ஆண்டு. அதிபர் வேட்பாளருக்கு வயது 78. ஜூலை 21 அன்று பைடன் அதிபர் போட்டியிலிருந்து விலகிய பின் அவரிடத்தில் நின்ற ஹாரிஸ் டிம் வால்ஸைத் தேர்ந்து அறிவித்தது ஆகஸ்ட் 6. இரண்டு தேர்வுகளிலும் ஆராய்ச்சி நடந்தது. இரண்டிலும் அதன் முடிவைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. மாநாட்டுப் பிரதிநிதிகளுக்குக் கையை உயர்த்தும் வேலை மட்டுமே.

போர்டிடமும் ராக்பெல்லரிடமும் நடந்ததைப் போன்ற விசாரணையைக் கட்சிகள் தாமே நடத்த முடியும். மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பே பெயரை அறிவித்து, வரிக் கணக்கையும் மருத்துவ விவரத்தையும் பிரதிநிதிகள் குழுவொன்றின் முன் வைத்து, வெளிப்படையாகக் கேள்வி கேட்டு, மறுக்கும் உரிமையோடு வாக்கெடுக்கலாம். மாநாட்டு வாரத்தின் பரபரப்பு குறைந்துபோகும் என்று பிரசார நிர்வாகிகள் இதை விரும்பமாட்டார்கள். சாசனத் திருத்தம் எதுவும் இதற்குத் தேவையில்லை. இரு கட்சிகளின் தேசியக் குழுக்களும் தத்தம் மாநாட்டு விதிகளை மாற்றினால் போதும். 25ஆவது திருத்தத்தின் அந்தப் பிரிவோ 1974 டிசம்பர் 19 அன்று ராக்பெல்லர் பதவியேற்றதற்குப் பிறகு ஒரு முறைகூடப் பயன்படுத்தப்படவில்லை.